கதவைச் சாத்தினால் கேட்கும் குரல்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. முழுச்செவிடு என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் பாதி போய்ச் சேரும், மீதியை அவராகவே இட்டுக்கட்டிக்கொள்வார். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில், பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் மிஷின் சுத்தியல் வந்து விழுகிற இடத்தில், வாலிபம் முழுவதும் நின்று தீர்த்த மனுஷன். காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். “ஊர்ல கீற சத்தம் அத்தினியும் உள்ள பூந்துகினு பேஜாரு பண்ணுதுமே” என்று கழற்றி அலமாரியில் வைத்தவர், வைத்ததுதான்.

ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கத்தல்தான். திருவொற்றியூரில் எங்கள் சந்துக்குள் புதிதாக யாராவது வந்தால், ஏதோ சண்டை நடக்கிறது என்று ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். சண்டையும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்களுக்கு ஒரே பெண். சரக்குக் கப்பலில் ஆபீசர். கப்பல் ஏதாவது கரையை ஒட்டி வரும்போதுதான் ஃபோனில் பேச முடியும், மற்ற நாளில் ஒரு வரி மெசேஜ் வந்தால் உண்டு. அவள் கூப்பிட்டால் நான் பேசுவேன். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

“இன்னா சொல்றா?”

“நல்லா கீறாளாம்.”

“அப்பால?”

“சாப்ட்டாளாம்.”

அவள் அரைமணி நேரம் கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் சொன்னதெல்லாம் என் தொண்டையில் இந்த இரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் யாரால் கத்த முடியும்? மகள் என்றால் அவருக்கு அவ்வளவுதான் என்று ஆகிப்போயிருந்தது. செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

போன முறை லீவில் வந்தபோது அவள் இந்தக் காரை வாங்கி நிறுத்தினாள். கரண்டில் ஓடுகிற கார். “நைனா இனிமே பஸ்சுல தொங்கக்கூடாது” என்றாள். ஓட்டுவது நான்தான். சாவியைக் கொடுத்து, ஃபோனைக் காரோடு எப்படிச் சேர்ப்பது என்று காட்டிவிட்டு, மறுபடியும் கப்பலேறிவிட்டாள்.

எனக்கு அந்தக் கார் முதலில் பயமாக இருந்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டதா இல்லையா என்றே தெரியாது. பெடலைத் தொட்டால் போதும், யாரோ பின்னாலிருந்து மெத்தென்று தள்ளிவிடுகிற மாதிரி நகரும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே உலகம் வாயை மட்டும் அசைக்கும். கன்டெய்னர் லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போகும், சத்தமே இருக்காது. எக்ஸ்பிரஸ் சாலையில் கடல் ஒரு பக்கம் கல் மேல் ஏறி விழுந்துகொண்டிருக்கும், அதுவும் ஊமை. சாயங்கால வெளிச்சத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகக் கிட்டே வந்து விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால், ஓட்டுவது நான்தானா என்றே சந்தேகம் வரும்.

அப்படி ஒரு சாயங்காலம் எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். ஸ்கிரீனில் பச்சைப் பொட்டைத் தொட்டேன்.

“மா, வண்டி எப்டி கீது?”

நாலு கதவிலிருந்தும் அவள் குரல் வந்தது. காருக்குள் அந்தக் குரலைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முன்னால் இருந்த பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

“பாப்பா?” என்றார்.

“நைனா! கேக்குதா ஒனக்கு?”

“கேக்குதும்மா. சளி புட்ச்சிகீதா? கொரலு ஒரு மாதிரி கீது.”

ஓரமாக நிறுத்திவிட்டேன். அவளுக்குச் சளி பிடித்திருந்தது. எனக்கே அது தெரியவில்லை, இவருக்குத் தெரிந்தது. அங்கே அவள் அழ, இங்கே இவர் அழ, நடுவில் நான் “அழுவாதீங்கய்யா ரெண்டு பேரும், கரண்டு வண்டி, ஷாக்கு அடிக்கப் போவுது” என்று அதட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினேன்.

அதற்குப் பிறகு கார் எங்களுக்கு இன்னொரு அறையாகிவிட்டது. சந்துக்குள் கார் நுழையாது. முனையில் இட்லிக்கடை அக்காவின் வாசலை ஒட்டித்தான் நிறுத்துவோம். மகள் கூப்பிடுவதாக மெசேஜ் வந்தால் இருவரும் அங்கேயே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வோம். எங்கும் போவதில்லை. கண்ணாடி மேல் மின்நிலையத்துச் சாம்பல் மெல்ல மெல்ல இறங்கும். வெளியே பிள்ளைகள் சத்தமில்லாமல் கத்திக்கொண்டு ஓடும். உள்ளே அவள் பறக்கும் மீன்கள் கப்பல் தளத்தில் வந்து விழுவதைச் சொல்வாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்துக் கதவைத் திறந்தால் ஹாரன் சத்தமும் மீன்வாடையும் ஒன்றாக வந்து மோதும். ஏதோ தூங்கி எழுந்த மாதிரி இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிசு. லேத் மிஷினிலிருந்து மீன்பாடி வண்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. எங்கள் காருக்கும் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தால் நசுக்கினேன். சந்திலேயே முதல் கரண்டு கார் இது. ஒருத்தரை ஏற்றி இன்னொருத்தரை விட்டால் முகம் தூக்கிக்கொள்வார்கள். ஆகவே சந்து மொத்தமும் ஏறியது. ஏறி உட்கார்ந்தால் மட்டும் போதுமா? அவரவர் ஃபோனிலிருந்து அவரவர் பாட்டு போட்டுக் கேட்க வேண்டும், அதுதான் கௌரவம். இட்லிக்கடை அக்கா அம்மன் பாட்டு போட்டாள். பழைய இரும்பு வியாபாரம் செய்கிற பாய் நாகூர் பாட்டு போட்டார். ஆட்டோக்காரர் போட்ட கானாவுக்குக் காரே குதித்தது. புது ஃபோனைச் சேர்க்கவா, சேர்க்கவா என்று ஸ்கிரீன் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் பொரி கொடுக்கிற கையோடு ஆமாம், ஆமாம் என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். மனசு நிறைந்து போன நாள் அது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மகள் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்த ஒரு காலையில் ஏறி உட்கார்ந்தோம். ஸ்கிரீனில் என் ஃபோன் பெயர் தெரிந்தது, கனெக்ட் ஆகிவிட்டது என்று போட்டிருந்தது. மணி அடித்தது. என் கையில் அடித்தது, காரில் அடிக்கவில்லை. எடுத்தேன். அவள் பேசுவது என் காதுக்கு மட்டும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், ஃபோனில் கீச்சென்று வந்தது. இவர் கதவிலிருக்கிற ஸ்பீக்கர் ஓட்டையில் காதை வைத்துப் பார்த்தார்.

“கேக்குதாயா?” என்று கத்தினேன்.

“நீ கத்தறது கேக்குது” என்றார்.

அடுத்த முறை சரியாக வந்தது. அதற்கடுத்த முறை வரவில்லை. காருக்கு எப்போது மனசு வருகிறது, எப்போது வரவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கப்பலிலிருந்து மகள் மெசேஜில் சொன்னதையெல்லாம் செய்தேன். ஃபோனை அணைத்துப் போட்டேன். ஸ்கிரீன் கறுக்கிற வரைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். காருக்குள் இருக்கிற சாப்ட்வேரைப் புதுப்பித்தேன். எல்லாம் செய்து முடித்தாலும் கனெக்ட் ஆகியிருக்கிறது என்று ஸ்கிரீன் கூசாமல் பொய் சொல்லும்.

சந்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

“கண்ணு பட்டுச்சுக்கா. இன்னொரு பூசணிக்கா ஒடை” என்றாள் இட்லிக்கடை அக்கா. அவள் என்னைவிட மூத்தவள். ஆனாலும் ஊருக்கே அவள் அக்கா, அவளுக்கு ஊரே அக்கா.

“ஹார்பர்ல ராடார் கீதுல்ல, அதான் இஸ்துகுது” என்றார் ஆட்டோக்காரர்.

“ஹை டென்சன் லைன் மேல போவுது. வேற இன்னா காரணம் ஓணும்?” என்றார் பாய்.

நான் மூன்றையும் நம்பினேன். பூசணிக்காயும் உடைத்தேன்.

கடைசியில் மணலி, மாத்தூர் வழியாக, டேங்கர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து, மாதவரத்தில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் வந்து என் ஃபோனை வாங்கினார். காரை ஆன் செய்தார். உடனே பாட்டு வந்தது. அவர் ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கார் பட்டென்று எடுத்தது.

“கனெக்டாயி நல்லா இருக்கு பாருங்க மேடம்.”

“இங்க ஆவுது தம்பி. எங்க வூட்டாண்ட ஆவல.”

“அப்ப உங்க ஏரியாவுல ஏதோ பிரச்சினையா இருக்கும் மேடம்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். “எங்க ஏரியான்னா இன்னா எளக்காரமா? இங்கதான் ஆவும்னா நான் இன்னா, ஒன் சர்வீஸ் சென்டர்லயே வந்து குடும்பம் நட்த்தவா?”

அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தம்பி பாவம், தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் கார் நன்றாகப் பாடியது. சந்து முனைக்கு வந்து அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஊமையாகிவிட்டது. ஸ்டீயரிங்கிலேயே தலையை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. கப்பல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழும்புக்கு வெளியே சாமான் ஏற்ற நிற்கும். அங்கிருந்து கிளம்பினால் நேராகத் தென் அமெரிக்கா. நடுவில் கரையே கிடையாது, ரொம்ப நாளைக்குப் பேச முடியாது. கீழே இன்னொரு வரி: “நைனாகிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ வாங்கி சொல்லாத. நானே சொல்லணும்.”

அதை இவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். போய்க் காரின் கண்ணாடியில் படிந்திருந்த சாம்பலை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். கதவு ஓட்டைகளைக்கூட ஒரு பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். சாம்பல் அடைத்துக்கொண்டதால்தான் குரல் வரவில்லை என்று நினைத்துவிட்டார் போல. இந்த ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

சனிக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போவதற்காக இவர் முன்னாடியே போய்க் காரை ஆன் செய்து உட்கார்ந்துகொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தபோது, இட்லிக்கடை அக்கா வாசலில் நின்று ஃபோனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அலோ! அலோ! யக்கா, கேக்குதா? த்தூ, ஃபோனு புட்டுக்கிச்சா?”

காருக்குள் இவர் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் எனக்குப் பகீரென்றது. தனியாகப் பேசுகிறாரே, புத்தி கித்தி பேதலித்துவிட்டதா? ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் காதைப் பிளந்தது.

“நெத்திலி வந்துச்சா இல்லியான்னு கேட்டா சொல்லேன்யா! ஆமா, யாருய்யா நீ?”

“நெத்திலி வர்ல. மத்திதான் வந்துகீது” என்று இவர் பொறுமையாகப் பதில் சொன்னார். என்னைப் பார்த்ததும், “நல்லா கேக்குதுமே! யாரோ மீஞ்சூர்லேர்ந்து பேசறாங்க” என்றார் ஆனந்தமாக.

மீஞ்சூரில் இருப்பது இட்லிக்கடை அக்காவின் கூடப்பிறந்த அக்கா. நான் ஃபோனைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன், இட்லிக்கடை அக்கா கையிலிருந்த ஃபோனைப் பார்த்தேன். அதுவும் என் ஃபோன் மாதிரியே. மாதிரி என்ன, அதேதான். தேரடி பக்கம் ஒரு கடையில் ஆஃபர் போட்டபோது சந்து முழுக்கச் சேர்ந்து போய் ஒரே ரகத்தை வாங்கி வந்தோம். பாயிடம் அதே, ஆட்டோக்காரரிடம் அதே. எல்லா ஃபோனுக்கும் ஸ்கிரீனில் ஒரே பெயர். நான் அதை என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்க, கார் பாட்டுக்கு எந்த ஃபோன் முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாதவரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் யாரும் இல்லை, அங்கே அது ஒழுங்காக நடந்துகொண்டது.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். சிரிப்பு அடங்கவே இல்லை. ராடாராம், ஹை டென்சனாம்!

சந்தில் விஷயத்தைச் சொன்னேன். எல்லார் ஃபோனையும் காரிலிருந்து எடுத்துவிடப் போகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம் என்றேன்.

“தோஸ்துன்னு சேத்துகினு இப்ப தொரத்தி உட்றியே, நியாயமாக்கா இது?” என்றார் ஆட்டோக்காரர்.

“எங்கக்காவ வுட்டு இன்னொரு தபா கேக்கச் சொல்றேன், அந்த மத்தி கெட்ச்சிதான்னு” என்றாள் இட்லிக்கடை அக்கா.

பாய் மட்டும், “மொதல்ல பொண்ணு பேசட்டும்மா. பாட்டு எங்க ஓடிப்போவுது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்தேன். என் ஃபோனையும் சேர்த்துத்தான். ஸ்கிரீன் காலியானது. இவரிடம் ஒரு ஃபோன் உண்டு, மகள் பழசாகிவிட்டதென்று கொடுத்தது. காது கேட்காததால் அதில் பேசுவதே கிடையாது, மெசேஜ் பார்க்க மட்டும்தான். அந்த ஒரு ஃபோனை மட்டும் காரோடு சேர்த்தேன். அதிலேயே கூப்பிடச் சொல்லி மகளுக்கு மெசேஜ் போட்டேன். சந்துக்கே சகவாசம் வேண்டாம் என்று காரைக் கழிமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கரையில் துறைமுகத்து கிரேன்கள் மங்கலாக நின்றன. தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களில் விளக்கேற்ற ஆரம்பித்திருந்தார்கள். வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் கோடு அழிந்துபோய், கப்பல்கள் எதன் மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இவருக்கு விளக்கிச் சொல்ல இன்னொரு கத்தல் வேண்டும், தெம்பில்லை. இரு என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினேன். கதவைச் சாத்தினேன். கரைக் கற்கள் வரைக்கும் நடந்து போய் அவர் நம்பருக்குப் போட்டேன். காருக்குள் அவர் குனிந்து பச்சைப் பொட்டைத் தொடுவது தெரிந்தது.

“கேக்குதா?” என்றேன். ஃபோனில் கத்த வேண்டியதில்லை அல்லவா, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“கேக்குதும்மா. நல்லா கேக்குது” என்றார். கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாகக் கேட்டார்: “யாரும்மா பேசறது? பாப்பாகூட கப்பல்ல வேல செய்ற பொண்ணா?”

கத்தாத என் குரலை அவர் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறதோ. இந்த நீளமான வாய், திறக்கவே இல்லை.

“அலோ? பாப்பா இல்லியாம்மா பக்கத்துல?”

காருக்குள் அவர் மறுபடியும் ஸ்கிரீனைக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. அவருக்கு இன்னொரு அழைப்பு. நான் வைத்துவிட்டுக் காருக்கு வந்து ஏறினேன். மகள் குரல் அதற்குள் கார் முழுக்க நிறைந்திருந்தது.

“நைனா, போன வாரத்துலேர்ந்து எனக்குத் தனி வாட்ச்சு டூட்டி குட்த்துட்டாங்க. கேப்டன் தூங்கறாரு. கப்பல் மொத்தமும் என் கையில கீது நைனா.”

“ஒண்டியாவா?”

“ஒண்டியாதான்.”

“பயமா கீதா?”

“கீது.”

“கீட்டும். பயம் கீறவன்தான் மிஷினாண்ட ஒழுங்கா நிப்பான்” என்றார் இவர். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கூட, “மா இல்லியா?” என்று ஒரு தரம் கேட்டாள். “கீறேன், நீ அவராண்ட பேசு” என்றேன். கொழும்புச் சிக்னல் தேயத் தேய அவள் குரல் விட்டு விட்டு வந்து, வரேன் நைனா என்பதோடு நின்றது. கார் மறுபடியும் அமைதியானது.

இவர் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஃபோனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் வந்த அந்த நம்பரைக் கிட்டே வைத்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏமே” என்றார்.

நான் திரும்பவில்லை.

“நீ எறங்கி வெளிய போயி, எனக்கு ஃபோனு போடு.”

இறங்கினேன். கல் வரைக்கும் நடந்தேன். நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், ஆனால் எதுவும் கேட்கவில்லை, சும்மா காத்திருந்தார்.

“நான்தாங்க” என்றேன்.